மாடிக்காரர் வெட்டிப் படித்த புத்தகங்கள்

துறைமுகத்தில் அவரை மாடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். கப்பலிலிருந்து கண்டெய்னர்களைத் தூக்கி லாரியில் வைக்கிற கிரேனை ஓட்டியவர். பத்து மாடிக் கட்டடத்தின் உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட ஒரு கூண்டில் உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களுக்கு நடுவே குனிந்து கீழே பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை. கீழே நிற்பவர்களுக்கு அவர் முகம் தெரியாது. வயர்லெஸ்ஸில் குரல் மட்டும் வரும். வேலை முடிந்து அவர் லிஃப்டில் இறங்கி வந்தால், புதிதாகச் சேர்ந்தவர்கள் யாரோ வெளியாள் என்று நினைத்து வழி விடுவார்கள்.

அந்த வேலையில் காத்திருப்பது அதிகம். கப்பலைக் கரையோடு கட்டி முடிக்கும்வரை, லாரி வரிசை நகரும்வரை, காற்று தணியும்வரை. மற்ற ஓட்டுநர்கள் கண் அயர்ந்தார்கள், பாட்டுக் கேட்டார்கள். இவர் படித்தார். கொக்கியில் சுமை தொங்கும்போது ஒருநாளும் படித்ததில்லை. அதை ஒழுக்கம் என்று சொல்ல முடியாது, பயம்தான். கீழே கைகாட்டி நிற்கிற சிக்னல்காரர் வயர்லெஸ்ஸில் கூப்பிடுவார்.

"மாடிக்காரரே, லாரி வந்து நிக்குது. கதை எங்க வரைக்கும் வந்திருக்கு?"

"இருப்பா, இப்பத்தான் ஒருத்தன் கத்தியை எடுத்திருக்கான்."

"சட்டுனு குத்திட்டுப் போகச் சொல்லுங்க. டிரைவர் டீ குடிக்கக் கிளம்பிட்டா அப்புறம் ரெண்டு கொலை ஆகிடும்."

அவரைப் பெரிய வாசகர் என்று சொல்ல மாட்டேன். கடினமான பக்கங்களைத் தாண்டிப் போவார். இயற்கை வர்ணனை வந்தால் கண் தானாக அடுத்த பத்திக்கு இறங்கிவிடும். படித்த எதையும் இரண்டாம் முறை படித்தவரில்லை. ஆனால் நிறுத்தியதும் இல்லை. ஒன்று முடிந்தால் இன்னொன்று. சிலருக்கு வெற்றிலை மாதிரி, சிலருக்கு வம்பு மாதிரி, அவருக்கு நாவல்.

கூண்டுக்குள் எதையும் கட்டாமல் வைக்கக் கூடாது என்பது விதி. ஒருமுறை ஒரு தடித்த புத்தகம் மடியிலிருந்து நழுவி, கட்டுப்பாட்டுக் கைப்பிடிமேல் விழப்பார்த்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேசையில் அந்தப் புத்தகத்தைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகைப் பிளேடால் கீறி நான்காகப் பிளந்தார். ஒரு துண்டு சட்டைப்பைக்குள் அடங்கியது. அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தையும் வெட்டாமல் படித்ததில்லை. வாங்கியவுடன் வெட்டுவார். அத்தியாயம் முடிகிற இடமாகப் பார்த்து, எஃகு அளவுகோல் வைத்து, ஒரே இழுப்பில். புத்தகத்தை வெட்டுவது பாவம் என்று நினைப்பவர்கள் புத்தகம் படிப்பவர்களைவிட அதிகம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் அலமாரியைப் பார்த்துவிட்டு, "என்ன, எலியா?" என்று கேட்பார்கள்.

அவர் மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தார். சுவர் முழுக்க சின்னச் சின்ன இழுப்பறைகள். எந்த மாத்திரை எந்த இழுப்பறையில் என்று கடை முதலாளிக்கே தெரியாது, மனைவிக்குத் தெரியும். டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் படித்து, அச்செழுத்து அவருக்கு ஓய்வு மாதிரி இருந்தது. மாடிக்காரர் ஒரு துண்டை முடித்துவிட்டு மாலையில் கொண்டுவந்து கொடுப்பார். மனைவி அதைப் படிப்பார். ஆகவே எப்போதும் அவர் ஒரு துண்டு முன்னால், மனைவி ஒரு துண்டு பின்னால். சாப்பாட்டு மேசையில் பேச்சு அதைப் பற்றித்தான் இருக்கும்.

"அந்தத் தையல்காரன் பொய் சொல்றான்னு எனக்குத் தோணுதுங்க."

"நான் ஒண்ணும் சொல்லலை."

"சொல்லாதீங்க. மூஞ்சியை வேற மாத்தாதீங்க. உங்க மூஞ்சியிலயே பாதிக் கதை தெரிஞ்சிடுது."

"அப்ப நான் திரும்பி உக்காந்து சாப்பிடவா?"

இந்த ஏற்பாட்டில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். படிப்பது இவர், நினைவில் வைத்துக்கொள்வது மனைவி. ஒரு புத்தகம் முடிந்து ஒரு மாதம் போனால் மாடிக்காரருக்கு அதில் ஒரு நிறமும் ஒரு வானிலையும்தான் மிஞ்சும். மனைவியைக் கேட்டால், தையல்காரனின் தங்கை எந்தக் கையால் எழுதினாள் என்பதுவரை சொல்வார். "நாம படிச்சோமே, ஒருத்தன் பெட்டிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு எல்லை தாண்டுவானே, அது எதுல?" என்று இவர் சமையலறையைப் பார்த்துக் கேட்பார். உள்ளேயிருந்து பதில் வரும், புத்தகத்தின் பெயரோடு, பெட்டியின் அளவோடு. நினைவை நாம் தலைக்குள் இருக்கிற சாமானாக நினைக்கிறோம். அப்படிக் கட்டாயமில்லை. அவருடையது பக்கத்து அறையில் இருந்தது. கேட்டால் வந்தது. அதனால் தனக்கு நினைவு குறைவு என்று அவர் ஒருநாளும் உணரவில்லை.

ஓய்வு பெற்றபோது துறைமுகம் அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரத்தையும் தேய்ந்த கழுத்தையும் கொடுத்தது. கடிகாரம் ஓடியது. கழுத்தைத்தான் அசைக்க முடியவில்லை. ஆயுள் முழுக்கக் குனிந்தே பார்த்ததில் எலும்புகளுக்கு நடுவே இருந்த மெத்தை நைந்துவிட்டது என்று டாக்டர் படத்தைக் காட்டினார்.

"இனிமே குனியக் கூடாது."

"படிக்கிறது?"

"கண்ணுக்கு நேரா வெச்சுப் படிங்க."

கண்ணுக்கு நேராக ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் தோள் கெஞ்சியது. மரத்தில் ஒரு தாங்கி செய்து பார்த்தார். வெட்டிய புத்தகம் தாங்கியில் நிற்காது, தாள்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். வெட்டாத புத்தகம் தானாக மூடிக்கொள்ளும். வேறு ஊரில் வங்கியில் வேலை பார்க்கிற மகள் வந்தபோது இந்தப் போராட்டத்தைக் கொஞ்ச நேரம் கதவோரம் நின்று பார்த்தாள். அடுத்த முறை வரும்போது இரண்டு மின்வாசிப்பான்களோடு வந்தாள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று.

"இதுல ஆயிரம் புத்தகம் வெச்சுக்கலாம்பா."

"ஆயிரத்தையும் வெச்சுக்கிட்டு என்ன பண்றது? படிக்கிறது ஒண்ணைத்தானே."

"எழுத்தைப் பெருசாக்கலாம். எடையே இல்லை பாருங்க. தாங்கியில வெச்சா விழாது."

மனைவி தன்னுடையதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு மாடிக்காரரைப் பார்த்து, "இதை எப்படி வெட்டுவீங்க?" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தக் கருவிகளை வைத்து அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அது ஒரு முறைதான்.

மகள் இரண்டு கருவிகளையும் ஒரே கணக்கில் இணைத்திருந்தாள். ஒரு புத்தகம் வாங்கினால் இரண்டிலும் வரும், செலவு மிச்சம் என்று. ஆனால் அந்தக் கருவிக்கு இரண்டு பேர் என்று ஒன்று தெரியாது. ஒரே ஆள் இரண்டு இடத்தில் படிக்கிறான் என்று அது நினைத்தது. மனைவி புத்தகத்தைத் திறந்தால், "நீங்கள் இதைவிட முன்னால் படித்திருக்கிறீர்கள், அங்கே போகலாமா?" என்று கேட்கும். மனைவி மரியாதையாக 'ஆம்' என்பதைத் தொட்டார். திருட்டு வழக்கு ஒன்றைப் பற்றிய கதை அது. பாதிக்கதையைத் தாண்டிக்கொண்டுபோய், திருடியது நீதிபதிதான் என்கிற இடத்தில் அவரை இறக்கிவிட்டது.

"ஐயோ, அந்த மனுஷனா!" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

மாடிக்காரர் பதறி எழுந்தார். "நான் ஒண்ணும் சொல்லலையே!"

"நீங்க சொல்லலை. உங்க பெட்டி சொல்லிடுச்சு. உங்க பொண்ணு நமக்கு வாங்கிக் குடுத்தது புத்தகம் இல்லைங்க, கோள்மூட்டி."

மகள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, எதை எதையோ தொட்டு அந்த இணைப்பை அணைத்தார்கள். கோள்மூட்டி வாயை மூடிக்கொண்டது. மற்ற குறைகள் மூடவில்லை.

மாடிக்காரருக்கு எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை. காகிதத்தில் படிக்கும்போது இடது கட்டைவிரலுக்கடியில் முடிந்துபோனது இருக்கும், வலது கட்டைவிரலுக்கடியில் மிச்சம் இருக்கும். ஒன்று தடிக்கத் தடிக்க இன்னொன்று மெலியும். கதைக்குள் என்ன நடந்தாலும், முடிவு நெருங்குகிறது என்பதைக் கை முன்பே அறிந்து வைத்திருக்கும். இதில் ஓரத்தில் ஒரு சதவீதம் மட்டும் இருந்தது. முதலில் அதைப் பேட்டரி என்று நினைத்து, ஏறிக்கொண்டே போகிறதே என்று சந்தோஷப்பட்டார். இடப்பக்கத்தின் அடியில் படித்ததாக ஒரு வரி மனதில் நிற்கும். திரும்பிப் போனால் இடப்பக்கம் என்று ஒன்றே கிடையாது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் வரிகளெல்லாம் வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்துவிடும். வாசகங்களுக்கு முகவரி இல்லாமல் போய்விட்டது.

இதெல்லாம் சில மாதங்கள். பிறகு, யாரிடமும் சொல்லாமல், அவருக்குப் பழக ஆரம்பித்தது. கழுத்து வலி குறைந்தது. தாங்கியில் நிமிர்ந்து நிற்கிற வெளிச்சமான ஒரு பக்கம், கட்டைவிரலால் ஒரு தொடுதல், அடுத்த பக்கம். தாண்டிப் போகிற வழக்கமுள்ள வாசகருக்கு இதைவிட வசதியான சாலை இல்லை. அவர் ஏன் அதை வெளியே சொல்லவில்லை என்றால், மனைவிக்குப் பழகவில்லை.

"இது யாருங்க புதுசா, கணக்குப்பிள்ளைன்னு ஒருத்தன் வர்றான்?"

"மொதல்லயே வந்தானே, சந்தையில."

"அப்படியா? இந்தச் சனியன்ல ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. கண்ணாடியில தண்ணி ஊத்தின மாதிரி வழிஞ்சு போயிடுது."

"எனக்கும் அப்படித்தான்" என்பார் மாடிக்காரர். அது பொய். ஆனாலும் கணவன் மனைவிக்கிடையே ஒரு பொது எதிரி கிடைத்தால் அதை யாரும் லேசில் விட்டுக்கொடுப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் இப்போது கதையைப் பற்றிய பேச்சு குறைந்து, கருவியைப் பற்றிய வசவு அதிகமானது. மனைவி அதைத் தட்டு மூடவாவது ஆகுமா என்று கேட்டார். மாடிக்காரர் ஈ அடிக்கலாம் என்றார். அந்த நாட்களில் அவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

மனைவி படிப்பது குறைந்துகொண்டே வந்தது. கருவி மடியில் இருக்கும். திரை அணைந்திருக்கும். மாடிக்காரர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய புத்தகக் கடையில் தேடி, தான் கருவியில் படிக்க ஆரம்பித்திருந்த ஒரு பெரிய நாவலின் அச்சுப் பிரதியை வாங்கி வந்தார். ஆற்றில் படகு விட்டுப் பிழைக்கிற அண்ணன் தம்பி இருவரின் கதை. பிளேடையும் அளவுகோலையும் எடுத்து, கழுத்து வலிக்க வலிக்கக் குனிந்து, அதை ஐந்தாக வெட்டினார். மனைவி பக்கத்தில் நின்று மேசையில் உதிர்ந்த பசைத் துகள்களைத் துணியால் துடைத்தார்.

"நீங்க?"

"நான் அந்தப் பெட்டியிலயே படிச்சுக்கிறேன். கழுத்து கேக்க மாட்டேங்குதே. நீ இதுல படி. கதை ஒண்ணுதானே."

"பாவம், நீங்க மட்டும் அதுல கிடந்து அல்லாடணுமா?" என்றார் மனைவி, உண்மையான இரக்கத்தோடு.

முதல் துண்டை மனைவி எடுத்துக்கொண்டு போனார். சாய்வு நாற்காலியில், ஜன்னலுக்கு முதுகு காட்டி, பழையபடி. பக்கம் புரள்கிற சத்தம் மாடிக்காரருக்குக் கேட்டது. சில நாட்களில் துண்டு திரும்பி வந்தது. "முடிச்சாச்சு. நல்லாருக்கு. அடுத்தது குடுங்க." அவருக்கு நிம்மதியாக இருந்தது. குறை கருவியில்தான். மகளிடம் தொலைபேசியில் அதைப் பெருமையாகக்கூடச் சொன்னார். "உங்க அம்மாவுக்குக் காகிதம்தான்மா சரி."

தவறு அடுத்ததில் நடந்தது. முன்பெல்லாம் அவர் கொடுக்கிற துண்டு அவரே படித்து முடித்த துண்டு. அவருடைய சட்டைப்பையில் கசங்கி, அவர் விரல் பட்டு, டீக் கறை ஏந்தி வந்தது. மாற்றிக் கொடுக்க வழியே இல்லை. இப்போது அவர் படிப்பது திரையில். துண்டுகள் அலமாரியில், ரப்பர் பட்டை போட்டு, எல்லாம் ஒரே மாதிரி, புத்தம் புதிதாக வெட்டுப்பட்ட விளிம்போடு கிடந்தன. திறந்து பார்க்காமல் ஒன்றை உருவிக் கொடுத்தார்.

மனைவி அதையும் படித்தார். அதையும் திருப்பிக் கொடுத்தார். "முடிச்சாச்சு."

அடுத்த துண்டை எடுக்க அலமாரியைத் திறந்தபோது மாடிக்காரர் பார்த்தார். இரண்டாவது துண்டு அங்கேயே இருந்தது, ஒரு தாள்கூடப் புரளாமல். கையில் திரும்பி வந்திருப்பது மூன்றாவது. முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சண்டை ஒன்று கிடைக்கப் போகிறது என்று நினைத்தார். கோள்மூட்டியைவிட நீங்கள் மோசம் என்று மனைவி கத்தப்போகிறார். பிறகுதான், மனைவி இன்னும் கத்தவில்லை என்பது உறைத்தது.

அந்த நாவலில் இரண்டாம் துண்டின் கடைசியில் அண்ணன் வெள்ளத்தில் போய்விடுகிறான். மூன்றாம் துண்டு முழுவதும் அவன் இல்லாத வீடு. தம்பி தனியாகப் படகு விடுகிறான். அண்ணனுடைய துடுப்பைத் தொடக் கூடாது என்று அண்ணி அதைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாள். முதல் துண்டில் உயிரோடு கல்யாணம் பேசிக்கொண்டிருந்தவன், அடுத்துத் திறந்தால் சுவரில் துடுப்பாக இருக்கிறான். எப்போது செத்தான், எப்படிச் செத்தான் என்று கேட்காமல் இருக்க முடியாது. நுனிப்புல் மேய்கிற அவராலேயே முடியாது.

மனைவி சமையலறையில் காய்கறி கழுவிக்கொண்டிருந்தார். மாடிக்காரர் வாசலில் நின்றார்.

"அந்த அண்ணன்காரனைப் பத்தி என்ன நினைக்கிற?"

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "பாவம்தான். என்ன பண்ணுவான் அவனும்."

"இனிமே என்ன பண்ணுவான்னு நினைக்கிற?"

"பாப்போம், எப்படிப் போகுதுன்னு."

எந்தக் கதைக்கும் பொருந்துகிற பதில்கள். எந்த மனிதனுக்கும் பொருந்துகிற அனுதாபம். பல மாதங்களாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது இதே வாக்கியங்களைத்தான் என்று அவருக்கு அப்போது புரிந்தது. ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் சரியாகவே இருந்ததால் அவர் நின்று பார்த்ததில்லை. மருந்துக்கடையில் இருந்தவருக்கு, தெரியாததைத் தெரிந்த மாதிரி நிதானமாகச் சொல்லி, அதற்குள் சரியான இழுப்பறையைத் தேடிவிடுகிற சாமர்த்தியம் உண்டு. வார்த்தைகள் அப்படியே இருந்தன. இழுப்பறைகள்தான் காலி.

மாடிக்காரர் செய்த அடுத்த காரியத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஒன்றும் சொல்லாமல், முதல் துண்டையே மறுபடியும் கொடுத்தார். மனைவி அதை வாங்கிக்கொண்டு நாற்காலிக்குப் போனார். பக்கங்கள் புரண்டன. மாடிக்காரர் தன் கருவியைத் தாங்கியில் நிறுத்தி, அதற்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் கண்கள் வரிகளில் ஓடின. நகைச்சுவை வருகிற இடத்தில் உதடு விரிந்தது. ஒவ்வொரு வரியும் அவருக்குப் புரிந்தது. அதில் சந்தேகமே இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. படிப்பு என்று நாம் சொல்வது வரிகளைப் புரிந்துகொள்வதல்ல போலும். முந்தின வரியை விடாமல் கையில் பிடித்திருப்பது. மனைவியின் கை திறந்தே இருந்தது.

மறுநாள் துண்டு திரும்பி வந்தது. கொடுத்துவிட்டு மனைவி அங்கேயே நின்றார்.

"இதை முன்னாடியே குடுத்தீங்களா?"

மாடிக்காரர் துண்டை வாங்கி ரப்பர் பட்டையைப் போட்டார்.

"எனக்கு ஞாபகம் வரலை. ஆனா ஓரத்துல எண்ணெய் விரல் தடம் இருக்கு. உங்க விரல் இல்ல, நீங்கதான் இதைப் புரட்டவே இல்லையே. என்னுதுதான்." நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். "சோதிச்சுப் பார்த்தீங்களாக்கும்."

"தெரியாம மாத்திக் குடுத்துட்டேன். மூணாவதை. அதுல ஆரம்பிச்சுது."

"மூணாவதா? என்ன வரும் அதுல?"

"அண்ணன்காரன் செத்திருப்பான்."

"ஐயோ" என்றார் மனைவி. அந்த 'ஐயோ' புதிதாக இருந்தது. முதன்முதலாகக் கேட்கிறவரின் 'ஐயோ'.

தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது பீப் பீப் என்று கத்தியது.

"எப்ப இருந்து?" என்று கேட்டார் மாடிக்காரர்.

"அதை எப்படிங்க நான் சொல்றது?" என்று மனைவி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "பொட்டி வந்ததுக்கு முன்னாடியே இருந்திருக்கும். பொட்டி வந்ததும் அதுமேல பழி போட்டுட்டேன். நீங்களும் எனக்கும் அப்படித்தான்னு சொன்னீங்களா, சரி, இது எல்லாருக்கும் வர்றதுதான்னு இருந்துட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து அதைத் திட்டிக்கிட்டு இருந்தோமே, அது எவ்வளவு நல்லா இருந்துச்சு."

தனக்குப் பழகிவிட்டது என்று அப்போதும் அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய நேரம் எப்போதோ கடந்து போயிருந்தது. ஆறுதலுக்காகச் சொன்ன ஒரு பொய், டாக்டரிடம் போகவேண்டிய மாதங்களைத் தின்றுவிட்டிருந்தது. முன்பே போயிருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. மகள் மட்டும் தொலைபேசியில் அழுதபடி, "ஏம்பா முன்னாடியே சொல்லலை, ஏம்பா" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

வாசித்துக் காட்டலாம் என்று முயன்றார். மனைவிக்குக் குரல் பிடித்திருந்தது, நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் சத்தமாகப் படிக்கும்போது தனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை என்பதை மாடிக்காரர் கண்டுபிடித்தார். வாய் ஓடும். பக்கம் முடியும்போது இரண்டு பேருக்குமே ஒன்றும் தெரியாது. ஒருநாள் அத்தியாயத்தின் நடுவில் நிறுத்தினார். மனைவி ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு இன்னொரு பயம் வந்தது. படித்ததெல்லாம் மனைவியிடம்தானே இருக்கிறது. அதை இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய கதைகளைக் கேட்க ஆரம்பித்தார். ஆச்சரியமாக, பழையவை வந்தன. தையல்காரன் வந்தான். தங்கையின் இடது கை வந்தது. பெட்டிக்குள் ஒளிந்து எல்லை தாண்டியவன் வந்தான். மாடிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். சில வாரங்களில் தையல்காரனே பெட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டான். எல்லையில் அவனைப் பிடித்தவர் அந்த நீதிபதி. இடது கைக்காரத் தங்கை படகில் ஏறி ஆற்றைக் கடந்தாள். மனைவி தயக்கமில்லாமல், அதே பழைய உறுதியான குரலில் சொன்னார். திருத்தவேண்டியவர் இவர். எதை வைத்துத் திருத்துவது? இவருக்கும் தெரியாதே. எங்கே கலந்தது, எங்கே கலக்கவில்லை என்று பிரிக்க இவரிடம் ஒரு வரிகூட இல்லை. அலமாரியில் வெட்டிய துண்டுகள் வரிசையாக இருந்தன. ஆயிரக்கணக்கான பக்கங்கள் அவர் கண் முன்னால் போயிருக்கின்றன. அவை யாருக்கோ நடந்த பயணம்போல இருந்தன.

ஒன்றையாவது சரிபார்க்கலாம் என்று தையல்காரனின் நாவலைக் கருவியில் வாங்கிப் படித்தார். வாழ்நாளில் இரண்டாம் முறை படித்த முதல் புத்தகம் அது. எழுத்து தெளிவாக இருந்தது. கழுத்து வலிக்கவில்லை. அதில் தங்கை என்று ஒருத்தி வந்தாள், எந்தக் கையால் எழுதினாள் என்று எங்கேயும் சொல்லப்படவில்லை. அதை மனைவி எங்கிருந்து எடுத்தார்? அவரே சேர்த்ததா, அல்லது வேறு கதையின் தங்கையா? கேட்க ஆள் இல்லை. ஆள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், வாசலில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு.

இப்போது அவர் முன்பைவிட அதிகமாகப் படிக்கிறார். மருத்துவமனைகளில் காத்திருப்பதும் அதிகம். தாங்கி தேவைப்படுவதில்லை, நிமிர்ந்து உட்கார்ந்து ஒரே கையில் பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார். ஒன்று முடிந்தால் கருவியே அடுத்ததைக் காட்டுகிறது, தொட்டால் திறக்கிறது. ஒருநாள் நரம்பியல் பிரிவின் தாழ்வாரத்தில் வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் அவரும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். மனைவியின் கைப்பை அவர் மடியில் இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர், தன் அண்ணனை அழைத்து வந்தவர், கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ரொம்ப நேரமா மும்முரமாப் படிக்கிறீங்களே, என்ன புத்தகம் சார்?"

மாடிக்காரர் சொல்ல வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. திரையில் பெயர் இல்லை, வரிகள்தான் இருந்தன. அட்டை என்று ஒன்று இருந்தால் திருப்பிப் பார்க்கலாம். அவர் இந்தப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்ததே இல்லை. நேற்று முடிந்ததிலிருந்து நேராக இதன் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டார். எழுதியவர் யார் என்றும் தெரியவில்லை. முந்தின பக்கத்துக்குப் போனார். அதற்கு முந்தின பக்கத்துக்கும் போனார். அவற்றைப் படித்தது தான்தானா என்று தெரியாத அளவுக்கு அந்த வாசகங்கள் வழவழப்பாக இருந்தன.

பழக்கத்தில் மனைவியின் பக்கம் திரும்பினார். மனைவி அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டாள். மாடிக்காரர் கருவியை அணைத்துக் கைப்பையில் போட்டார். "சும்மாதான், நேரம் போகணும்ல" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிவிட்டு, மனைவியின் முழங்கையைப் பிடித்து எழுப்பினார்.